தொகுப்பானை வெளியே நிறுத்துவோர்க்கு ஒரு மறுமொழி

நிரலாளர்கள் நடுவே நெடுநாளாக ஒரு பழமொழி வழங்கிவருகிறது: 'ஈவால் தீயது.' ஈவால் என்பது ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் முதலிய பல நிரல்மொழிகளில் உள்ள ஒரு சிறு கட்டளை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் ஒரு வரி எழுத்தைக் கொடுத்து, இதையும் நிரலாகக் கொண்டு இயக்கு என்று சொல்வதே அதன் வேலை. அதாவது, ஆக்கி முடித்து அனுப்பப்பட்ட ஒரு நிரல், தான் ஓடும்போதே அம்மொழியின் கம்பைலரை அழைத்து, சற்றுமுன் வரை வெறும் எழுத்தாக இருந்த ஒன்றைச் செயலாக மாற்றிக்கொள்கிறது. இதைத்தான் தீயது என்கிறார்கள். இக்கட்டளையைப் பயன்படுத்திய இளையவரை மூத்தவர் கடிந்துகொள்வதும், பாடநூல்கள் அதை எச்சரிக்கைப் பெட்டிக்குள் அடைத்துவைப்பதும் வழக்கமாகிவிட்டன.

பழமொழிகளின் குணம் நாம் அறிந்ததே. அவை ஏதோ ஒரு பட்டறிவிலிருந்து பிறக்கின்றன. நாளடைவில் அந்தப் பட்டறிவு மறந்துபோக, யோசிக்க வேண்டிய இடத்தில் யோசனைக்குப் பதிலாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இப்பழமொழிக்கும் அதுவே நேர்ந்தது என்பது நம் வாதத்தின் முதற்பகுதி. நிரலாளர்களின் தற்காப்பு அறிவுரையாகத் தொடங்கிய அதே எண்ணம், இன்று யார் எழுதலாம், யார் பயன்படுத்த மட்டுமே செய்யலாம் என்று பிரிக்கும் சட்டமாகச் சில பெரு நிறுவனங்களின் கையில் வளர்ந்துவிட்டது என்பது இரண்டாம் பகுதி.

இலக்கியம் பேசும் இடத்தில் இவ்வாராய்ச்சி எதற்கு என்று வினவும் நண்பர்கள் இருப்பார்கள். ஓர் எழுத்து எப்போது படிக்கப்படும் பொருளாக நிற்கிறது, எப்போது செயலாகிறது, அந்த மாற்றத்தை நிகழ்த்தும் உரிமை யாருடையது ஆகிய கேள்விகள் நம்முடையவை இல்லையென்றால் வேறு யாருடையவை?

*

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கம்பைலர் என்பதற்குத் தமிழில் 'தொகுப்பான்', 'தொகுப்பி' என்ற சொற்களும், 'நிரல்மொழிமாற்றி' என்ற சொல்லும் வழங்குகின்றன. முன்னவை ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த பிழை என்று கருதுவோர் உண்டு. கம்பைலர் எதையும் தொகுப்பதில்லையே, மனிதர் எழுதிய மூலநிரலை எந்திர மொழிக்குப் பெயர்க்கத்தானே செய்கிறது என்பது அவர்கள் கேள்வி. ஆனால் வரலாறு தொகுப்பான் பக்கம் நிற்கிறது. கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் கணினிக்காக உருவாக்கி 1952இல் இயங்கவைத்த ஏ-0 என்னும் கருவி, உண்மையிலேயே தொகுக்கும் வேலையைத்தான் செய்தது. முன்பே எழுதிச் சோதித்த நிரல்துண்டுகள் காந்த நாடாவில் இருந்தன. எவை எவை வேண்டும் என்று குறிப்புக் கொடுத்தால், அக்கருவி அவற்றைத் தேடியெடுத்து, உரிய வரிசையில் கோத்து, முழு நிரலாக்கித் தந்தது. பல புலவர் பாடிய தனிப்பாட்டுகளை அடியளவு பார்த்து நூலாக்கிய நம் தொகைநூல் தொகுப்பாளர் செய்த காரியத்துக்கும் இதற்கும் அதிக தொலைவில்லை. ஆகவே தொகுப்பான் என்றே நாம் எழுதுவோம்.

ஹாப்பரின் கருவியிலிருந்து நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று. தொகுப்பானும் ஒரு நிரல்தான். அது கணினிக்கு வெளியே நிற்கும் தனி எந்திரமன்று. மற்ற நிரல்கள் குடியிருக்கும் அதே நினைவகத்தில் குடியிருப்பது. ஒரு நிரல் இன்னொரு நிரலை அழைப்பது அன்றாட நிகழ்ச்சி. அழைக்கப்படும் நிரல் கணக்குப் போட்டால் ஏற்புடையது, படம் வரைந்தால் ஏற்புடையது, தொகுத்தால் மட்டும் தீயது என்று வகுப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

அழைக்கும் முறையிலும் மாயம் எதுவும் இல்லை. பைத்தான் மொழியில் தொகுக்கும் கட்டளை மொழியோடு சேர்ந்தே வருகிறது. எழுத்துச் சரத்தை அதனிடம் கொடுத்தால் பைட்கோடு என்னும் இடைநிலை வடிவம் திரும்ப வரும், அதை இயக்கிக்கொள்ளலாம். சி மொழியில் அப்படியொரு கட்டளை இல்லை. ஆனால் ஃபாப்ரீஸ் பெல்லார் எழுதிய டைனி சி என்னும் சிறிய தொகுப்பானை ஒரு நூலகமாக நம் நிரலோடு இணைத்துக்கொள்ள முடியும். நம் நிரல் ஓடும்போது ஒரு சி மூலத்தை எழுத்தாகவே அதனிடம் கொடுக்கிறது. அது அவ்வெழுத்தை எந்திர மொழியாக்கி நினைவகத்தில் வைக்கிறது. வைத்த இடத்தின் முகவரியைக் கேட்டு வாங்கி, பிறப்பிலிருந்தே நம் நிரலில் இருந்த செயற்கூறு போல அதை அழைக்கிறோம். இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதைக் காட்ட பெல்லாரே 2004இல் ஒரு காரியம் செய்தார். கணினியை முடுக்கும்போதே லினக்ஸ் கருவத்தை அதன் மூலநிரலிலிருந்து தொகுத்து இயக்கும் ஒரு தொடக்க நிரலை வெளியிட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 கணினியில் முழு வேலையும் 15 வினாடிக்குள் முடிந்தது. ஓடும் நேரத்தில் தொகுப்பது காலத்தை விழுங்கிவிடும் என்று இன்றும் சொல்லித்திரிவோர் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

*

ஈவால் எப்படிப் பிறந்தது என்ற வரலாறு, இலக்கிய வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழியைப் பற்றி 1960 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரையில், லிஸ்ப் வாய்பாடு எதைக் கொடுத்தாலும் அதன் மதிப்பைக் கண்டுசொல்லும் ஒரு செயற்கூற்றை லிஸ்பிலேயே எழுதிக் காட்டியிருந்தார். மொழி தன்னைத் தானே விளக்க வல்லது என்று நிறுவும் கோட்பாட்டு முயற்சி அது. அவர் குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸல் அதைப் பார்த்துவிட்டு, இதை ஐபிஎம் 704 கணினியின் எந்திர மொழியில் எழுதிவிட்டால் லிஸ்ப் ஓடுமே என்றார். அது படிப்பதற்காக எழுதப்பட்டது, கணிப்பதற்காக அன்று எனத் தாம் சொன்னதாகவும், ரஸல் அதைப் பொருட்படுத்தாமல் எழுதி முடித்துவிட்டதாகவும் மெக்கார்த்தியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

படிப்பதற்கு என்று ஆசிரியன் எண்ணி எழுதியதைச் செய்வதற்கு என்று வாசகன் எடுத்துக்கொண்டான். கணினி வரலாற்றின் செல்வாக்கு மிக்க மொழிகளுள் ஒன்று இந்த மீறலால் நடமாடத் தொடங்கியது. 1962இல் டிம் ஹார்ட், மைக் லெவின் ஆகிய இருவர் எம்ஐடியில் லிஸ்ப் தொகுப்பானை லிஸ்பிலேயே எழுதினார்கள். அதை முதலில் ஈவாலின் துணையால் வரிவரியாக ஓடவைத்து, அது ஓடும்போதே அதன் சொந்த மூலத்தை அதனிடமே கொடுத்துத் தொகுக்கச் செய்தார்கள். ஓடும் நிரலுக்குள் தொகுப்பானை அழைப்பது பின்னால் வந்த குறும்பர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்ற எண்ணம் தவறானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அது இத்துறையின் அடிவாரத்திலேயே இருக்கிறது.

இன்றும் அது எங்கும் இருக்கிறது; பெயரைத்தான் மாற்றி வைத்திருக்கிறார்கள். கென் தாம்சன் 1968 ஜூனில் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று, பயனர் தேட விரும்பும் சொல்வடிவத்தை அப்போதைக்கப்போது ஐபிஎம் 7094 கணினியின் எந்திர மொழியாகத் தொகுத்து இயக்கும் முறையை விளக்குகிறது. ஒரு சொல்லைத் தேடுவதற்காக ஒரு புது நிரலே பிறந்து, ஓடி, மறைகிறது. ஜாவா மொழியில் இணையதளம் அமைப்போர் டாம்கேட் வழங்கியில் இடும் ஜேஎஸ்பி பக்கங்களை, முதல் வாசகர் கேட்கும்போது அவ்வழங்கியே ஜாவா நிரலாக மாற்றித் தொகுத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2018இல் வெளிவந்த தன் 11ஆம் பதிப்பிலிருந்து, பெரிய வினவல்களின் பகுதிகளை வினவும் நேரத்திலேயே எந்திர மொழியாக்க வல்லது. ஈமாக்ஸ் உரைத்தொகுப்புக் கருவி 2022இல் வந்த 28ஆம் பதிப்பு முதல், ஜிசிசி தொகுப்பானின் நூலக வடிவத்தைத் தன்னுள்ளிருந்தே அழைத்து, பயனர் எழுதிய லிஸ்ப் வரிகளை எந்திர மொழியாக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறது. 2008 செப்டம்பரில் குரோம் உலாவியோடு வந்த வி8 எந்திரமோ, இணையத்தில் எங்கிருந்தோ வந்து இறங்கும் ஜாவாஸ்கிரிப்டை வாசகரின் கணினியில் எந்திர மொழியாகப் பெயர்க்கிறது. செய்தித்தாளைத் திறந்தாலும் தொடர்வண்டிச் சீட்டு எடுத்தாலும் ஓடும் நிரல் ஒன்றுக்குள் தொகுப்பான் ஒன்று வேலை செய்கிறது.

'ஈவால் தீயது' என்பாரும் இவை அனைத்தையும் நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். இவற்றுக்கு வார்ப்புரு, வினவல், உகப்பாக்கம் என்று மதிப்பான பெயர்கள் கிடைத்துவிட்டன. ஒரு கல்லூரி மாணவன் தன் பத்து வரி நிரலில் அதையே வெளிப்படையாகச் செய்தால்தான் அது தீமை.

*

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துக்கொள்வதே நேர்மை. அது பாதுகாப்பு பற்றியது. வரைபடம் வரைந்து காட்டும் இணையதளம் ஒன்று, வருவோரிடம் ஒரு சூத்திரம் கேட்டு, கிடைத்த எழுத்தை அப்படியே ஈவாலிடம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நல்லவர் சூத்திரம் எழுதுவார். மற்றவர், வழங்கியில் உள்ள கோப்புகளை அழி என்று எழுதுவார். தொகுப்பானுக்கு இரண்டும் இலக்கணம் வழுவாத வாக்கியங்களே. இரண்டாவதாக, தொகுப்பானே பிழைகள் நிறைந்த பெரிய நிரல். 2019க்குப் பிந்தைய கணக்கின்படி வி8இல் பதிவான பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 45 விழுக்காடு அதன் ஓடுநேரத் தொகுப்பான் சார்ந்தவை என்று மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவிக் குழு 2021இல் எழுதியது. அத்தொகுப்பானை அணைத்துவைத்து ஓடும் ஒரு முறையையும் அக்குழு சோதித்தது. ஆப்பிளும் 2022இல் கொண்டுவந்த லாக்டவுன் முறையில் அதையே செய்கிறது. மூன்றாவதாக, ஓடும்போது பிறக்கும் நிரல் முன்னதாக யார் கண்ணிலும் படாதது. அதில் பிழை நேர்ந்தால் தேடிப் பிடிப்பது கடினம்.

இம்மூன்றும் உண்மை. ஒன்றையும் நாம் மறுக்கவில்லை. இவற்றிலிருந்து அவர்கள் செல்லும் முடிவைத்தான் மறுக்கிறோம்.

முதல் எடுத்துக்காட்டில் தீங்கு எங்கிருந்து வந்தது? அயலார் ஒருவர் எழுதிய சொல்லை, வீட்டுக்காரர் சொல்லுக்குரிய அதிகாரத்தோடு இயக்கியதிலிருந்து. சொல் யாருடையது என்று கேளாமல் விட்டதே குற்றம். அதே வரைபட நிரலை ஓர் ஆசிரியை தம் கணினியில் வைத்துக்கொண்டு, தாமே சூத்திரம் எழுதி, தம் கோப்புகளுக்கு நடுவே இயக்கினால் அங்கே களவுக்கு இடமேது? அவர் தம் கோப்பை அழிக்க நினைத்தால் அதற்கு ஈவால் தேவையில்லை. ஒரே கட்டளை, இரண்டு சூழல். ஒன்றில் தீங்கு, மற்றொன்றில் கருவி. இந்த வேறுபாட்டைக் காண மறுத்துக் கட்டளையின் மேல் பழி போடுவது, மொட்டைக் கடிதம் எழுதப்பட்டதற்காகப் பேனாவைத் தண்டிக்கும் செயல்.

தொகுப்பானை வெளியே தள்ளிவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பதும் உண்மையன்று. 2021 டிசம்பரில் உலகெங்கும் வழங்கிகளை நடுங்கவைத்த லாக்4ஜே குறையில் எந்த நிரலாளரும் ஈவாலை அழைக்கவில்லை. நிகழ்ச்சிக் குறிப்புகளைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் எளிய நூலகம் அது. பதிவுசெய்யக் கொடுத்த எழுத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவம் தென்பட்டால் அதைக் கட்டளையாக எண்ணி, வெளியிலிருந்து நிரலை வரவழைத்து இயக்கும் நிலையில் அது இருந்தது. தொகுப்பான் இல்லாத இடத்திலும் அயலார் சொல் ஆணையாக முடிந்தது. தரவுத்தள வினவலுக்குள் அயலார் எழுத்தைச் செருகும் பழைய தாக்குதலும் இத்தகையதே. அதற்காக வினவல் மொழியைத் தடைசெய்யுங்கள் என்று எவரும் கூறவில்லை. வினவல் வேறு, அதில் நிரப்பப்படும் மதிப்பு வேறு என்று பிரித்து அனுப்பும் முறையைக் கற்றுக்கொண்டோம். மருந்து அதுதான்: சொல்லின் உரிமையாளரைப் பிரித்தறிவது.

தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் இன்னும் ஒன்றைக் காட்டினார். உள்நுழைவு நிரலைத் தொகுக்கும்போது மட்டும் கள்ளக் கதவு ஒன்றைச் செருகவும், தன்னையே மறுபடி தொகுக்கும்போது இப்பழக்கத்தைப் புதிய பிரதிக்குள் கடத்தவும் ஒரு தொகுப்பானைப் பழக்கிவிடலாம். மூலநிரலில் அதன் சுவடே தெரியாது. பட்டறையில், வல்லுநர் மேற்பார்வையில் இருக்கும் தொகுப்பான் தூயது, பயனர் வீட்டுக்கு வந்தால்தான் அது கெட்டுவிடும் என்று எண்ணுவோர் இவ்வுரையை மறுபடி படிக்கலாம்.

அயலார் நிரலையே உள்ளே விட வேண்டியிருந்தாலும் வழி இல்லாமல் போகவில்லை. லினக்ஸ் கருவம் 2014 முதல் ஈபிபிஎஃப் என்னும் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் கருவத்துக்குள் புதிய நிரலை இட விரும்புவோர் அதை முதலில் ஒரு சரிபார்ப்பானிடம் ஒப்படைக்க வேண்டும். இந்நிரல் முடிவின்றிச் சுழலாது, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொடாது என்று அச்சரிபார்ப்பான் நிறுவிய பின்னரே அது ஏற்கப்பட்டு எந்திர மொழியாகத் தொகுக்கப்படுகிறது. அச்சரிபார்ப்பானிலும் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன. அதனால் பல லினக்ஸ் வழங்கல்கள் சாதாரணப் பயனருக்கு இவ்வாயிலை மூடிவைத்துள்ளன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். ஆனால் பிழைகள் திருத்தப்படுகின்றன, வேலை தொடர்கிறது. இயக்குதளத்தின் கருவறை வரை இப்படி ஒரு வாயில் அமைக்க முடியுமென்றால், ஒரு கைப்பேசிச் செயலிக்குள் முடியாது என்பதை நாம் எப்படி நம்புவது?

பிழை தேடுவது கடினம் என்ற மூன்றாவது வாதம் கைத்திறன் பற்றிய அறிவுரை. தேவையில்லாத இடத்தில் ஓடுநேரத்தில் தொகுக்காதீர்கள் என்று நாமும் சொல்வோம். அறிவுரை வேறு, தடைச்சட்டம் வேறு.

*

இனி அந்தத் தடைச்சட்டத்துக்கு வருவோம்.

ஜாவா 2006 டிசம்பரில் வெளியிட்ட 6ஆம் பதிப்பில், ஓடும் நிரலிலிருந்து ஜாவாத் தொகுப்பானை அழைக்க ஒழுங்கான வழி ஒன்றை அமைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அன்று ஜாவா இரண்டு பொட்டலங்களாகக் கிடைத்தது: ஆக்குவோருக்கு ஒன்று, பயன்படுத்துவோருக்கு ஒன்று. பயன்படுத்துவோர் பொட்டலத்தில் மூலநிரல் தொகுப்பான் வைக்கப்படவில்லை. அக்கணினியில் நம் நிரல் போய், தொகுப்பானைக் கொடு என்று கேட்டால் 'நல்' என்ற வெறுமை மதிப்பே கையில் விழும். அதே பொட்டலத்துக்குள் பைட்கோடை எந்திர மொழியாக்கும் ஹாட்ஸ்பாட் தொகுப்பான் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆக, தொகுத்தல் நடந்தது. பயனரின் எழுத்தைத் தொகுக்கத்தான் ஆள் இல்லை. 2018இல் வந்த 11ஆம் பதிப்போடு ஆரக்கிள் இந்த இரட்டைப் பொட்டல முறையைக் கைவிட்டது. மூலக் கோப்பைக் கொடுத்தால் நினைவகத்திலேயே தொகுத்து ஓட்டும் வசதியும் அதே பதிப்பில் வந்தது. அங்கு நேர்ந்தது தடையென்பதைவிடக் கவனக்குறைவு, நாளடைவில் சரிசெய்யப்பட்டது.

ஆப்பிள் செய்தது அப்படிப்பட்டதன்று. ஐபோன் செயலிகளுக்கான அதன் அன்றைய ஒப்பந்தம், ஆப்பிள் தானே வழங்கும் இயக்கிகளைத் தவிர வேறு எதைக்கொண்டும் செயலிக்குள் நிரல் எழுத்தை இயக்கக் கூடாது என்று விதித்திருந்தது. எம்ஐடி மீடியா லாப் குழந்தைகளுக்காக உருவாக்கிய ஸ்கிராச் மொழியில் சிறுவர்கள் எழுதிய கதைகளையும் விளையாட்டுகளையும் ஓட்டிக் காட்டிய ஒரு செயலி, இவ்விதியால் 2010 ஏப்ரலில் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் விதி தளர்த்தப்பட்டது. பிற்பாடு, நிரல் கற்பிக்கும் செயலிகளுக்குச் சில கட்டுப்பாடுகளோடு இடமும் தரப்பட்டது. இவற்றை ஒப்புக்கொள்கிறோம். எனினும் அடிப்படை மாறவில்லை. ஓடும்போது எந்திர மொழியை எழுதி இயக்கும் உரிமையை ஆப்பிள் தன் வெப்கிட் உலாவி எந்திரத்துக்கு வைத்துக்கொண்டு, அதன் கடை வழியே வரும் பிறர் செயலிகளுக்கு மறுத்தது. காரணம் கேட்டால் பாதுகாப்பு.

பிறகு 2024 மார்ச்சில், ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சந்தைச் சட்டத்தின் அழுத்தத்தால், அங்குள்ள பயனருக்கு மட்டும் பிற உலாவி எந்திரங்களும் அவ்வுரிமையோடு வருவதற்கு வழி திறக்கப்பட்டது. நாம் கேட்பது எளிய கேள்வி. ஓடுநேரத் தொகுத்தல் பயனருக்கே தீங்கானது என்றால், சட்டம் வற்புறுத்திய மறுநாள் பெல்ஜியத்தில் மட்டும் அது எப்படித் தாங்கத்தக்கதாயிற்று? தொகுப்பான் ஆபத்தானது என்பவரின் வீட்டிலேயே தொகுப்பான் ஓடுகிறது. ஆபத்தின் அளவை அவர் அறிவார், அதன் பயனையும் அறிவார். பயனைத் தமக்கும் ஆபத்து என்ற சொல்லை நமக்கும் பங்கிட்டிருக்கிறார்.

ஆண்ட்ராய்டு இதைவிடத் திறந்த வீடு என்பார்கள், பெருமளவு உண்மையும்கூட. ஆனால் 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10, அப்பதிப்பை இலக்காகக் கொண்டு ஆக்கப்படும் செயலி தனது எழுதக்கூடிய இருப்பிடத்தில் வைத்த கோப்பை நேரடியாக நிரலாக இயக்கும் உரிமையை எடுத்துவிட்டது. டெர்மக்ஸ் என்னும் செயலி கைப்பேசிக்குள் சி தொகுப்பான் உட்பட முழு லினக்ஸ் பட்டறையையே வைத்துத் தந்தது. தொகுப்பான் ஓடி முடித்துக் கொடுக்கும் கோப்பை அங்கேயே இயக்க முடியாதென்றால் பட்டறைக்கு என்ன பொருள்? புதிய விதிக்கு உட்படாமல் கூகுள் கடையில் புதுப்பிக்க முடியாது என்ற நிலையில், 2020இல் அக்கடைவழிப் புதுப்பிப்பை அது நிறுத்த நேர்ந்தது.

*

இதனால் இழப்பது யார்? நிரலாளர் அல்லர். அவரிடம் மடிக்கணினி இருக்கிறது, பட்டறை இருக்கிறது. நம் வகுப்புக்கு வரும் மாணவரில் பலருக்குக் கைப்பேசியே முதற்கணினி. சிலருக்கு அதுவே ஒரே கணினி. தமிழ் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், குறுந்தொகையில் தோழியை விளிக்கும் சொல் முதலடியில் வராமல் பின்னடிகளில் மட்டும் வரும் பாடல்கள் எவை என்று கேட்டு நம்மிடம் வந்தார். இணையத்தில் கிடைக்கும் தேடுபெட்டிகள் சொல்லைத் தேடித் தரும். முதலடியில் இல்லாமல் என்ற நிபந்தனையை அவற்றிடம் சொல்ல வழியில்லை. எந்தச் செயலியின் எந்தப் பொத்தானிலும் அவருடைய கேள்வி இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அக்கேள்வி அவருக்கு அன்று காலையில்தான் தோன்றியது. கைப்பேசியில் பைத்தான் இயக்கும் செயலி ஒன்றை இறக்கி, பாடல்களின் மூலபாடத்தை அதில் இட்டு, ஏழெட்டு வரி எழுதி, இரண்டு நாள் பிழை திருத்திப் பட்டியலைக் கொண்டுவந்துவிட்டார்.

அச்செயலி செய்தது என்ன? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், தன்னிடம் தட்டச்சிட்ட எழுத்தை வாங்கி, தனக்குள்ளிருந்த தொகுப்பானை அழைத்து, அதைச் செயலாக்கியது. பழமொழி தீயது என்று சொல்லும் அதே செயல். அது இல்லாவிட்டால் அவர் கேள்வி கேள்வியாகவே நின்றிருக்கும்; அல்லது, யாரோ ஒருவர் எங்கோ இருந்து அப்படியொரு பொத்தானை அமைத்துத் தரும் நாளுக்காக அவர் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆகவே நாம் கோருவது அதிகமில்லை. பாடநூல் எழுதுவோர் ஈவாலின் எச்சரிக்கைப் பெட்டிக்குள், யாருடைய எழுத்து, எந்த அதிகாரத்தோடு இயங்குகிறது என்ற வினாவை முதல் வரியாக எழுதட்டும். செயலி ஆக்குவோர், பயனர் தம் எழுத்தைத் தாமே இயக்க ஒரு மூலையை ஒதுக்கி, அதைச் சுற்றி வலுவான வேலி கட்டட்டும். கடை நடத்தும் பெரு நிறுவனங்கள், தம் நிரலுக்கு வழங்கிக்கொண்ட உரிமையை, கருவிக்கு விலை கொடுத்தவர் அதன் ஆபத்தை அறிந்தே கேட்கும்போது அவருக்கும் வழங்கட்டும். கூடாது என்பார், எந்தச் சூழலில், யார் எழுத்தால், என்ன தீங்கு வரும் என்று காரணம் காட்டி மறுக்கட்டும். பழமொழியைக் காட்டி மறுக்க வேண்டாம்.